மெருகு ஏறுமா? தோல் உரியுமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள். நெல்லையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே காட்சிதான்.

வீட்டு வாசலில் கார் நிற்கும். பிள்ளைகள் வாளியில் தண்ணீர் கொண்டு வருவார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைத் தேய்ப்பார். பழைய பனியன், கிழிந்த துண்டு, பாத்திரம் தேய்க்கும் நார், எது கையில் கிடைத்தாலும் அதனால் தேய்ப்பார்.

மறுநாள் காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கார், கல்யாண மாப்பிள்ளை போல நிற்கும்.

பூஜை முடிகிறது. வெயில் ஏறுகிறது. பானெட்டின் மேல் வெயில் பளீரென்று விழுகிறது. அப்போதுதான் அது தெரிகிறது.

சிலந்தி வலை!

காரின் மேல் முழுவதும் வட்டம் வட்டமாகக் கீறல்கள். நிழலில் தெரியாத கீறல்கள் வெயிலில் சிரிக்கின்றன. கறுப்புக் காராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து என்ன? நேரே பாலிஷ் கடைக்குப் போகிறார் கார்க்காரர். “கண்ணாடி போல ஆக்கித் தாருங்கள்” என்கிறார். எவ்வளவு கூலி என்று கேட்கிறார். எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்கிறார். ஆனால், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்பது இல்லை.

“எந்த பேடு போட்டுத் தேய்ப்பீர்கள்?”

இதுதான் அந்தக் கேள்வி. காருக்கு மெருகு ஏறுவதும் தோல் உரிவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

வட்டம் எப்படி வந்தது?

முதலில் இந்த வட்டக் கீறல் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் உள்ள பழைய எவர்சில்வர் தட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும். விளக்கின் ஒளியைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். தட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும்.

அப்படியானால் கீறல்கள் வட்டமாக இல்லை என்றுதானே பொருள்? ஆம். கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்கே கிடக்கும் கீறல் மட்டும் மின்னும். மற்றவை மறைந்துவிடும். அதனால்தான் ஒளியைச் சுற்றி வளையம் போலத் தோன்றுகிறது. காரிலும் இதே கதைதான்.

கீறியது யார்? பெரும்பாலும் காரின் சொந்தக்காரரே! தூசியோடு இருக்கும் காரைக் காய்ந்த துணியால் துடைப்பதுதான் முதல் குற்றம்.

நெல்லைச் சீமையில் தூசிக்குப் பஞ்சம் இல்லை. ஆடி மாதத்தில் மேற்கே மலையைத் தாண்டி வரும் காற்று மண்ணை வாரி இறைக்கும். காசுமீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நெல்லையை ஒட்டித்தான் போகிறது. அதில் மணல் லாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் போனால் கார் முழுவதும் மண்.

அந்த மண்ணில் வெங்கச்சங்கல் துகள் இருக்கிறது. அது கண்ணாடியையே கீறும். கார்ப் பூச்சு எம்மாத்திரம்? துணிக்கு அடியில் அந்தத் துகள் மாட்டிக்கொண்டால் துணி துணியாக இருக்காது. அது உப்புத்தாளாக மாறிவிடும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெரிய வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட வெள்ளம் வடிந்ததும் வண்டிகளின் மேல் வண்டல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை ஊறவைத்துக் கழுவாமல் துணியால் துடைத்தால், கார் முழுவதும் கீறல்தான்.

தோல் எவ்வளவு கனம்?

காரின் மேல் இருக்கும் பூச்சு ஒன்று அல்ல. பல பூச்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன.

அடியில் இரும்புத் தகடு. அதன் மேல் துருப் பிடிக்காமல் காக்கும் பூச்சு. அதன் மேல் நிறப் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இதற்குக் கிளியர் கோட் என்று பெயர். காருக்குப் பளபளப்பைத் தருவது இதுதான். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதுதான்.

இந்தக் கிளியர் கோட்டின் கனம் எவ்வளவு? பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அதாவது, காரைக் காக்கும் கவசம் தலைமுடியை விட மெல்லியது!

பாலிஷ் போடுவது என்றால் என்ன? புதிதாக ஏதோ ஒன்றைப் பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பாலிஷ் போடுவது என்றால் சீவுவது. கீறல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றியுள்ள பூச்சைச் சீவி எடுத்துவிடுகிறார்கள். பள்ளத்தை நிரப்புவது இல்லை. மேட்டைக் குறைக்கிறார்கள். சமமானதும் பள்ளம் மறைகிறது.

ஆகவே, ஒவ்வொரு பாலிஷும் ஒரு செலவு. கூலிச் செலவு மட்டும் அல்ல, தோல் செலவு. இது வட்டியில் செய்யும் செலவு அல்ல. முதலில் கை வைக்கும் செலவு. செலவான மைக்ரான் திரும்பி வராது.

பழைய அம்பாசிடர் காலத்தில் இந்தப் பயம் குறைவாக இருந்தது. அந்த நாள் வண்டிகளில் கிளியர் கோட் இல்லை. நிறப் பூச்சே மேல் பூச்சு. தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனால், அந்தக் காலத்துத் தேய்ப்பு மட்டும் இன்னும் சில இடங்களில் நிற்கவில்லை.

கிளியர் கோட் உள்ள காரைத் தேய்க்கும்போது பேடில் நிறம் ஒட்டினால் அது அபாய மணி. கவசம் போய்விட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும். கிளியர் கோட் இல்லாத வண்டிகள் இன்றும் சில உண்டு. ஆகவே, தன் வண்டி எந்த வகை என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று வகை பேடு

தச்சரிடம் போய் உப்புத்தாள் கேட்டால், “எந்த நம்பர்?” என்பார். நாற்காலியைச் சீவும் தாள் வேறு. வார்னிஷ் போடும் முன் தடவும் தாள் வேறு. பேடும் அப்படித்தான்.

முதல் வகை கம்பளி பேடு. ஆட்டு ரோமம் போலப் புசுபுசுவென்று இருக்கும். பார்த்தால் பூனைக்குட்டி போல மெத்தென்று தோன்றும். ஆனால் பாய்ச்சலில் புலி. மிகுதியாகச் சீவுவது இதுதான். ஆழமான கீறலுக்கும், மறுபடி பெயிண்ட் அடித்த பிறகு உப்புத்தாள் போட்ட இடத்துக்கும் இது உதவும். வீட்டுக் காரில் உள்ள சிறு வட்டக் கீறலுக்கு இது பெரும்பாலும் தேவையே இல்லை.

இரண்டாவது வகை மைக்ரோபைபர் பேடு. கார் துடைக்கும் மெல்லிய பூந்துவாலைத் துணி போன்ற முகம் கொண்டது. நன்றாகச் சீவும். கம்பளிக்கு அடுத்தபடி என்று சொல்லலாம். ஆனால் அழுக்கைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது வகை ஸ்பாஞ்சு பேடு. இதில் உட்பிரிவுகள் உண்டு. கெட்டியான ஸ்பாஞ்சு சீவும். நடுத்தர ஸ்பாஞ்சு மெருகேற்றும். மிகவும் மிருதுவான ஸ்பாஞ்சு கடைசி மினுமினுப்புக்கும் மெழுகு பூசுவதற்கும் ஆகும்.

கெட்டியான பேடு கீறலைப் போக்கும். ஆனால் தன் பங்குக்கு ஒரு மங்கலை விட்டுவிட்டுப் போகும். அதைப் போக்க மிருதுவான பேடு போட்டு இன்னொரு முறை தேய்க்க வேண்டும். இந்த இரண்டாவது தேய்ப்பைச் செய்யாமல் காரைத் திருப்பிக் கொடுத்தால், எண்ணெய் மிதக்கும் தண்ணீர் போல வெயிலில் நெளி நெளியாகக் கோடு தெரியும். பழைய சிலந்தி வலை போய், புதிய நெளிகோலம் வந்துவிடும்!

பேடு மட்டும் போதாது. அதில் தடவும் பசையும் முக்கியம். காம்பவுண்டு என்பது முரட்டுப் பசை. பாலிஷ் என்பது சன்னமான பசை. பேடும் பசையும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று கிழக்கே இழுத்து ஒன்று மேற்கே இழுத்தால் வண்டி நகராது. சீவும் பேடுக்குச் சீவும் பசை. மெருகு பேடுக்கு மெருகு பசை. அப்படி ஜோடி சேர்க்க வேண்டும்.

நிறம் ஏமாற்றும்

பேடு வாங்கப் போனால் கடையில் எல்லா நிறமும் இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு. “மஞ்சள் பேடு முரடு. கறுப்பு பேடு சாது” என்று சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இதை நம்பக் கூடாது. பேடின் நிறத்துக்கு உலகப் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியில் முரட்டு பேடுக்கு உள்ள நிறம், இன்னொரு கம்பெனியில் மென்மையான பேடுக்கு இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் சாது என்று நினைத்து முரடனை வீட்டுக்கு அழைத்து வந்தது உண்டு.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். சீவுவதற்கா, மெருகுக்கா, முடிப்பதற்கா என்று போட்டிருப்பார்கள். பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இட்லி போல அமுங்கினால் மிருது. முறுக்கு மாவு போல எதிர்த்து நின்றால் கெட்டி. ஒரே கம்பெனியின் மூன்று பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்தினால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இன்னொன்று அளவு. பானெட்டுக்கும் கூரைக்கும் 5 அங்குலம், 6 அங்குல பேடுகள் சரி. கதவுக் கைப்பிடி ஓரம், விளக்கு ஓரம் போன்ற சந்து பொந்துகளுக்கு 3 அங்குல பேடு வேண்டும். பெரிய பேடைச் சிறிய இடத்தில் திணித்தால் ஓரம் தேய்ந்துபோகும். பேடைத் தாங்கும் பின்தட்டு, பேடை விடச் சிறியதாக இருக்க வேண்டும். தட்டு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால், ஒரு முறை பட்டாலே போதும். காரில் வடு விழும்.

மென்மையே முதலில்!

எல்லாப் பேச்சுக்கும் சாரம் ஒன்றுதான். மென்மையான பேடில் தொடங்க வேண்டும். அதுவே நியாயம். அதுவே சிக்கனம்.

காய்ச்சல் என்று போனால் நல்ல டாக்டர் என்ன செய்வார்? முதலில் மாத்திரை கொடுப்பார். கேட்காவிட்டால் ஊசி. அதற்கும் கேட்காவிட்டால்தான் ஆஸ்பத்திரிப் படுக்கை. எடுத்த எடுப்பில் கத்தியை எடுக்கும் டாக்டரிடம் யாராவது போவார்களா? காருக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்பில் கம்பளி?

செய்ய வேண்டியது இதுதான். முதலில் காரை நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். நிழலில் நிறுத்த வேண்டும். நெல்லை வெயிலில் நின்ற கார்த் தகடு தோசைக்கல்லாகச் சுடும். அதில் பசையைத் தடவினால் உடனே காய்ந்துவிடும். தகடு குளிர்ந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பானெட்டில் 2 அடிக்கு 2 அடி இடம் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிருதுவான பேடு, சன்னமான பசை. நாலைந்து பொட்டுப் பசை போதும். தேய்த்து, துடைத்து, விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் உள்ள டார்ச்சு விளக்கே போதும். கீறல் போய்விட்டதா? அந்த பேடே போதும். கார் முழுவதும் அதையே போடலாம்.

போகவில்லையா? அடுத்த படி. நடுத்தர பேடு. அதற்கும் போகவில்லை என்றால் கெட்டி பேடு. ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மாடிக்குத் தாவக் கூடாது.

எல்லாக் கீறலும் போக வேண்டும் என்ற பிடிவாதமும் கூடாது. நகத்தால் தடவிப் பார்த்தால் நகம் மாட்டுகிறதா? அப்படியானால் கீறல் ஆழம். அதைப் போக்க நினைத்தால் கவசமே போய்விடும். அதை அப்படியே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். முகத்தில் ஒரு சிறு வடு இருந்தால் யாரும் முகத் தோலை உரிப்பது இல்லை.

ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியது. அங்கே காகித டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. அங்கே பேடை ஒரே இடத்தில் நிறுத்தினால் பூச்சு வெந்துவிடும்.

எந்திரமும் இரண்டு வகை

பேடைச் சுழற்றும் எந்திரத்திலும் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று, அச்சில் நின்று ஒரே சுழற்சியாகச் சுழல்வது. இது வேகமாகச் சீவும். கூடவே சூடும் ஏற்றும். பழகிய கைக்கு இது நல்ல வேலைக்காரன். பழகாத கைக்கு இது எமன்.

இன்னொன்று, சுழன்றுகொண்டே ஆடுவது. பம்பரம் சுற்றிக்கொண்டே தலையாட்டுவதுபோல. இது மெதுவாகச் சீவும். சூடு குறைவு. நெளிகோலம் விழுவதும் குறைவு. வீட்டில் தாமே பாலிஷ் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் ஏற்றது.

முரட்டு எந்திரத்தில் முரட்டு பேடு, அதில் முரட்டுப் பசை, பிடிப்பவரோ புதியவர். இந்த நாலும் சேர்ந்தால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும்.

ஒரு பேடு போதுமா?

போதாது. ஒரு காருக்கு ஒரே பேடு என்பது, ஊருக்கே ஒரு சீப்பு என்பது போல.

தேய்க்கத் தேய்க்க, காய்ந்த பசையும் சீவிய பூச்சும் பேடில் அடைத்துக்கொள்ளும். அடைத்த பேடு சீவாது. சூடுதான் ஏற்றும். ஆகவே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மெல்லிய பிரஷால் பேடைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முழுக் காருக்கு நாலைந்து பேடுகளாவது கையில் இருக்க வேண்டும். ஒன்று சூடாகி ஈரமானதும் அடுத்ததை மாட்ட வேண்டும். முரட்டுப் பசை போட்ட பேடில் சன்னப் பசை போடக் கூடாது.

பேடு தரையில் விழுந்துவிட்டால்? எடுத்து உதறிவிட்டு மாட்டக் கூடாது. அதில் மண் ஒட்டியிருக்கும். கழுவிக் காயவைத்த பிறகே மறுபடி தொட வேண்டும். ஒரு மணல் துகள் போதும், ஒரு நாள் உழைப்பைக் கெடுக்க.

கார்க்காரர் கடைக்குப் போனதும் அங்கே தொங்கும் பேடுகளைப் பார்த்தால் போதும். கடையின் லட்சணம் தெரிந்துவிடும். பேடு கல்லாகக் காய்ந்து கிடந்தால், வேறு கடையைப் பார்ப்பது நல்லது.

“நேரம் ஆகும் தம்பி!”

இதற்குக் கடைக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதையும் கேட்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டும் ஒரு இளைஞரை நினைத்துக்கொள்ளலாம். கார் கடனில் வாங்கியது. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். காரின் அழகைப் பார்த்துத்தான் கல்யாண வீட்டார் வாடகைக்குக் கூப்பிடுவார்கள். அவர் பாலிஷ் கடைக்கு வருகிறார்.

“அண்ணாச்சி, எந்த பேடு போடப் போறீங்க?”

“கம்பளிதான் தம்பி. ஒரு மணி நேரத்திலே முடிச்சிரலாம்.”

“முதல்லே மிருதுவான பேடு போட்டு ஒரு ஓரத்திலே பாருங்களேன் அண்ணாச்சி.”

“பாக்கலாம். ஆனா நேரம் ஆகும் தம்பி. நீங்க எல்லாரும் சாயங்காலமே வண்டி வேணும்னு சொல்றீங்க. கூலியிலும் குறைக்கச் சொல்றீங்க. நான் என்ன செய்ய?”

கடைக்காரர் சொல்வதில் பொய் இல்லை. மெதுவான வேலைக்கு யாரும் கூலி கொடுப்பது இல்லை. பளபளப்புக்குத்தான் கொடுக்கிறார்கள். அதுவும் அன்றைக்கே தெரியும் பளபளப்புக்கு. முரட்டு பேடு அதை ஒரு மணி நேரத்தில் தந்துவிடுகிறது. அது எடுத்துக்கொண்ட தோலின் கணக்கு சில வருஷம் கழித்துத்தான் தெரியும். பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பூச்சு செதில் செதிலாக உரியும். அப்போது பாலிஷ் பலிக்காது. புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். கடனில் ஓடும் குடும்பத்துக்கு அது இன்னொரு கடன்.

ஆகவே குற்றம் கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. அவசரப்படுத்தும் கார்க்காரர் மேலும் இருக்கிறது. நல்ல வேலை வேண்டும் என்றால் நேரம் கொடுக்க வேண்டும். நேரத்துக்குரிய கூலியும் கொடுக்க வேண்டும்.

பத்தமடை, நெல்லைக்குப் பெருமை தரும் ஊர். அங்கே கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பொறுமையாகப் பாய் நெய்கிறார்கள். பட்டுப் போல மடிக்கலாம். அந்தப் பாயைச் சாயங்காலமே வேண்டும் என்று யாரும் கேட்பது இல்லை. மெல்லிய வேலைக்கு நேரம் பிடிக்கும் என்பது நெல்லைக்காரருக்குத் தெரியாதது அல்ல.

கடைக்காரரும் ஒரு படி இறங்கி வர வேண்டும். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி கிடைக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் எத்தனை மைக்ரான் என்று காட்டிவிடும். தேய்க்கும் முன்னும் பின்னும் அளந்து காட்டினால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும். கடையில் வேலை செய்யும் பையன்களுக்கு முகமூடியும் கண்ணாடியும் கொடுக்க வேண்டும். பாலிஷ் தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

ஒளித்து வைத்த கீறல்

இன்னொரு தந்திரம் இருக்கிறது. சில பசைகள் கீறலைச் சீவுவது இல்லை. எண்ணெய்ப் பசையால் பள்ளத்தை மூடிவிடும். அன்றைக்குக் கார் பளபளக்கும். நாலு முறை கழுவியதும் சிலந்தி வலை மறுபடி தலைகாட்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். சந்தேகம் இருந்தால், தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு ஒரு சிறு இடத்தை மெதுவாகத் துடைத்து, விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். மூடி வைத்த கீறல் வெளியே வந்துவிடும்.

தெரிந்தே மூடுவதில் தவறு இல்லை. பூச்சு ஏற்கெனவே மெலிந்துபோன காருக்குச் சீவுவதை விட மூடுவது மேல். ஆனால் அதைச் சொல்லிச் செய்ய வேண்டும். சீவினேன் என்று சொல்லி மூடக் கூடாது.

கழுவத் தெரிந்தால் பேடு எதற்கு?

மிக நல்ல பேடு எது? பெட்டியிலேயே தூங்கும் பேடு! காரைச் சரியாகக் கழுவுகிறவருக்குப் பாலிஷ் அடிக்கடி தேவைப்படாது.

காய்ந்த துணியால் தூசி தட்டக் கூடாது. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அதன் பிறகே ஷாம்புத் தண்ணீரில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே கழுவ வேண்டும். கீழ்ப் பகுதியில்தான் மண் அதிகம். சக்கரத்துக்குத் தனித் துணி. சக்கரம் துடைத்த துணி பானெட்டைத் தொடவே கூடாது.

பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான். அதில் உப்பு இருக்கும். தானாகக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். மெத்தென்ற மைக்ரோபைபர் துணியை மேலே விரித்து ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் துடைக்கக் கூடாது.

பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தால் சுரண்டக் கூடாது. ஈரத் துணியைச் சற்று நேரம் மேலே போட்டு ஊறவைத்தால் தானாகக் கழன்றுவிடும்.

சிலர் காரை ஆற்றுக்கே ஓட்டிச் சென்று கழுவுகிறார்கள். இது காருக்கும் கெடுதல், ஆற்றுக்கும் கெடுதல். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி, நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் தருகிறது. அதில் சோப்பும் எண்ணெயும் கலந்தால் அது திரும்பவும் வீட்டுக் குழாய்க்குத்தான் வரும். காருக்கும் அங்கே நல்லது நடப்பது இல்லை. ஆற்றில் முக்கிய துணியில் ஆற்று மணல் வரும். மணலோடு தேய்த்தால் மறுபடி சிலந்தி வலை. மறுபடி பாலிஷ் கடை.

மோட்டாரைப் பேணுவது நெல்லைச் சீமைக்குப் புதிது அல்ல. தென்னாட்டில் பஸ் போக்குவரத்தை வளர்த்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877-ல் பிறந்தது இங்குள்ள திருக்குறுங்குடியில்தான். வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. வண்டியின் தோலைக் காப்பது அந்தக் குடும்பங்களின் முதலைக் காப்பது ஆகும்.

அடுத்த ஆயுத பூஜை வரும். பிள்ளைகள் வாளியைத் தூக்கி வருவார்கள். அப்போது அப்பாவின் கையில் பாத்திரம் தேய்க்கும் நார் இருக்கக் கூடாது. மெத்தென்ற துணி இருக்க வேண்டும். கீறல் விழுந்து பாலிஷ் கடைக்குப் போக நேர்ந்தால், கூலியைக் கேட்பதற்கு முன்னால் பேடைக் கேட்க வேண்டும். கையில் வாங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

போன பளபளப்பு திரும்பி வரும். போன தோல் திரும்பி வராது!